சீசனுக்கு முன்னாடி உடம்பு ஏன் இப்படி வலிக்குது? வார்சிட்டி (யுனிவர்சிட்டி) டீம்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு

ஜனவரி நடுவுல தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் பக்கம் எந்த வார்சிட்டி கிரவுண்டுக்குப் போனாலும் காதுல விழறது இதுதான், "அண்ணா, தொடை பிடிச்சுக்கிச்சு", "அக்கா, முட்டியை மடக்க முடியல". நவம்பர்ல பரீட்சை, டிசம்பர் முழுக்க வீட்டுல பிரியாணி, பிராய்னு தணல்ல சுட்ட கறி, பீச், நடுவுல ரெண்டு கல்யாணம், அப்புறம் திடீர்னு ஒரு திங்கக்கிழமை விசில் அடிச்சு ப்ரீ-சீசன்னு மேட்சுக்கு முந்தின பயிற்சியை ஆரம்பிச்சா, அதுவும் அந்தப் புழுக்கத்துல காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவைன்னு, வலிக்காம இருந்தாதான் ஆச்சரியம். ரக்பி பசங்களுக்கு இன்னும் நெருக்கடி, 2008ல ஆரம்பிச்ச வார்சிட்டி கப், அதாவது யுனிவர்சிட்டிங்களுக்கு நடுவுல நடக்கிற ரக்பி போட்டி, பிப்ரவரியிலயே மேட்ச் வச்சிடுது, உடம்பைத் தயார் பண்ண கிடைக்கிறது கொஞ்ச வாரம்தான்.

மேட்ரிக்னு ஸ்கூல் கடைசிப் பரீட்சை முடிச்சுட்டு புதுசா டீமுக்கு வர்ற பிள்ளைங்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதறேன். அவங்கள்ல சில பேர் சின்ன வலிக்கே எல்லாம் போச்சுன்னு படுத்துடறாங்க, சில பேர் கோச் டீம்ல இருந்து எடுத்துடுவாரோன்னு வாயைத் திறக்காம நொண்டிக்கிட்டே ஓடறாங்க. ரெண்டு பேருக்கும் சொல்றது ஒண்ணுதான்: வலி எவ்வளவு பெருசுன்னு பாக்கறத விட அது எப்போ வருது, எப்போ போகுது, எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு பாருங்க. தசை, நார் (டெண்டன்), எலும்பு, மூட்டு நாலும் நாலு விதமா வலிக்கும், ஆறுறதுக்கு எடுத்துக்கற காலமும் வேற வேற.

முதல்ல தசை, ஏன்னா நூத்துக்குத் தொண்ணூறு பேர் முதல் வாரத்துல புலம்பறது இதைத்தான். பிராக்டீஸ் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் தெரியாது, நல்லா சாப்பிட்டு தூங்கிடுவீங்க, மறுநாள் காலையில கொஞ்சம் இறுக்கமா இருக்கும், ரெண்டாவது நாள் படியில இறங்க முடியாது, டாய்லெட்ல உக்காந்து எந்திரிக்க சுவரைப் பிடிக்கணும். ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள்ள தானா போயிடும். ரெண்டு தொடையும் ஒரே மாதிரி வலிக்கும், ஒரு விரலால இங்கதான்னு காட்ட முடியாது, கையால தொடை முழுக்கத் தடவித்தான் காட்டுவீங்க. இது காயம் இல்ல, பழக்கமில்லாத வேலை செஞ்சதுக்கு தசை காட்டற எதிர்ப்பு, அவ்வளவுதான்.

இதை லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சுன்னு இன்னும் பல கோச்சுங்க சொல்லிக்கிட்டு இருக்காங்க, பாவம் அவங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஓடும்போது உண்டாகற லாக்டேட் ஓடி முடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல பழைய அளவுக்கு வந்துடும், அப்புறம் எப்படி நாளான்னைக்கு வலிக்கும்? இந்தத் தாமதமா வர்ற வலியைப் பத்தி 1902லயே அமெரிக்காவுல தியோடர் ஹஃப்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்கார், தசைக்குள்ளயே ஏதோ சின்னச் சின்னதா கிழியறதுதான் காரணமா இருக்கணும்னு அப்பவே சந்தேகப்பட்டார். இன்னைக்குத் தெரிஞ்ச வரைக்கும் தசை இழையோட ரொம்ப நுணுக்கமான கட்டமைப்பு அங்கங்க குலைஞ்சு போகுது, உடம்பு அதைச் சரி பண்ண அழற்சியை வரவழைக்குது, அங்க இருக்கிற நரம்பு முனைங்க கூசிப் போய் தொட்டாலே வலிக்குது.

இது எல்லா உடற்பயிற்சியிலயும் ஒரே மாதிரி வராது. தசை சுருங்கிக்கிட்டே வேலை செஞ்சா அவ்வளவு வலி இல்ல, நீண்டுக்கிட்டே பாரத்தைத் தாங்கினாத்தான் வலி, அதாவது குதிச்சு இறங்கறது, ஓடி வந்து சட்டுனு நிக்கறது, டம்பெல்லை மெதுவா கீழே இறக்கறது, மலை இறங்கறது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், காம்ரேட்ஸ் மாரத்தான் ஒருத்தராவது ஓடின குடும்பமாத்தான் இருக்கும். 1921ல இருந்து நடக்கிற அந்த ஓட்டத்துல மேல ஏறற வருஷம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல முடியும், இறங்கற வருஷம் டர்பன்ல முடியும், தூரம் ரெண்டும் 90 கிலோமீட்டர் பக்கம்தான், ஆனா இறங்கின வருஷம்தான் தொடை நாசமாகும், ஃபீல்ட்ஸ் ஹில் சரிவுல இறங்கினவங்க மறுநாள் படியில பின்பக்கமா இறங்கறதைப் பாத்திருப்பீங்க. மூச்சு வாங்கறது ஏறும்போது, தசை கிழியறது இறங்கும்போது. அதே காரணத்துக்காகத்தான் ப்ரீ-சீசன்ல ஷட்டில் ரன்னும், திரும்பித் திரும்பி ஓடற டிரில்லும் நேர் ஓட்டத்தை விட வலியைக் குடுக்குது.

நல்ல செய்தி என்னன்னா, ஒரு தடவை வலிச்ச தசை அதே வேலைக்கு அடுத்த தடவை அவ்வளவு வலிக்காது, அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்குல இருக்கும். அதனால முதல் வாரம் பாதி அளவுதான் செய்யணும், அந்தப் பாதி போதும், தசை கத்துக்கும். வலிக்குதேன்னு முழுசா படுத்துக் கிடக்க வேண்டாம், மெதுவா நடங்க, சைக்கிள் ஓட்டுங்க, நீச்சல் அடிங்க, ரத்த ஓட்டம் இருந்தா கொஞ்ச நேரத்துக்காவது லேசாகும். மசாஜ் கொஞ்சம் உதவும். டீப் ஹீட் மாதிரி வலி கிரீம் தடவினா சூடா இருக்கும், மனசுக்கு நல்லா இருக்கும், தசையை அது ஆத்தாது. ஸ்ட்ரெட்ச்சிங்தான் பெரிய ஏமாத்தம், பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்த 2011 காக்ரேன் அறிக்கையில முன்னாடி செஞ்சாலும் பின்னாடி செஞ்சாலும் வலி 100க்கு நாலு மார்க் குறைஞ்சாலே பெருசுன்னு இருக்கு. செய்யாதீங்கன்னு சொல்லல, உடம்பு வளையறதுக்குச் செய்யுங்க, வலி போறதுக்குன்னு நம்பி செய்யாதீங்க.

ஆனா தசை வலியிலயே ஒண்ணே ஒண்ணு ஆபத்தானது. 2011 ஜனவரியில அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம்ல லீவு முடிஞ்சு வந்த உடனே ஒரு ஒர்க்கவுட் குடுத்தாங்க, அவங்கவங்க தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில பாதியை வச்சு 100 ஸ்குவாட், கூடவே இன்னும் சிலது. 13 பேர் ஆஸ்பத்திரியில. தசை அளவுக்கு மீறி சிதைஞ்சா அதுக்குள்ள இருக்கிற புரதம் ரத்தத்துல கலந்து கிட்னியைப் பாதிக்கும், ராப்டோமையோலைசிஸ்னு பேரு. அடையாளம் ஒண்ணுக்கு கோக் கலர்ல போறது, தொடையோ கையோ கல்லு மாதிரி வீங்கறது, வலி தாங்கவே முடியாம போறது. அப்படி இருந்தா நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. அந்த வருஷமும் பாருங்க, லீவுக்கு அப்புறம் ஜனவரி. லேட்டா வந்தவனுக்குத் தண்டனையா நூறு பர்ப்பின்னு ஏத்தி விடற பழக்கம் எனக்கு எப்பவுமே பிடிக்காது, அதுக்கு இதுதான் காரணம்.

அடுத்தது டெண்டன், தசையை எலும்போட கட்டி வச்சிருக்கிற கெட்டியான நார். குதிகாலுக்கு மேல இருக்கிற அக்கிலீஸ், முட்டிச் சிப்பிக்குக் கீழ இருக்கிற நார், இந்த ரெண்டும்தான் ஓடறவங்களையும் குதிக்கறவங்களையும் படுத்தும். இதோட குணமே வேற. காலையில எந்திரிச்சு முதல் பத்து அடி வைக்கும்போது விறைப்பா வலிக்கும், நடக்க நடக்க குறையும், பிராக்டீஸ் ஆரம்பத்துல வலிச்சு வார்ம் அப் ஆனதும் காணாமப் போயிடும், அதனால பிள்ளைங்க சரியாயிடுச்சுன்னு நினைச்சு முழுசா ஆடுவாங்க, மறுநாள் காலையில ரெண்டு மடங்கா திரும்பி வரும். இடம் ஒரு விரலால காட்டற மாதிரி இருக்கும். ஒரு வாரம் ஓய்வு எடுத்தா வலி போகும், ஆனா நார் பலமாகாது, திரும்ப ஓடினா திரும்ப வரும்.

ஏன்னா மூச்சும் இதயமும் சில வாரத்துல தேறிடும், தசையும் ஒரு மாசத்துல பலம் கூடிடும், நார் மட்டும் மாசக்கணக்குல மெதுவாத்தான் மாறும். ப்ரீ-சீசனோட மூணாவது நாலாவது வாரத்துல உங்களுக்கு உடம்பு பறக்கற மாதிரி இருக்கும், அந்த சமயம்தான் நாருக்குக் கெட்ட சமயம், இஞ்சின் ரெடி ஆனா கட்டி வச்சிருக்கிறது இன்னும் ரெடி இல்ல. இதுக்கு மருந்து கனமான பாரத்தை மெதுவா தூக்கற பயிற்சி, குதிகாலை மெதுவா தூக்கி மெதுவா இறக்கறது மாதிரி, அதை ஒரு ஃபிஸியோவோ பயோகினெடிசிஸ்ட்டோ (உடற்பயிற்சியால உடம்பைத் தேத்தறவர்) சொல்லிக் குடுத்து செய்யறது நல்லது, 12 வாரம் பொறுமை வேணும். பயிற்சி பண்ணும்போது பத்துக்கு மூணு வரைக்கும் வலி இருந்து, மறுநாள் காலைக்குள்ள பழைய நிலைமைக்கு வந்துட்டா பரவாயில்ல, வரலன்னா நேத்து செஞ்சது அதிகம், குறைச்சுக்கோங்க.

நார் முழுசா அறுந்து போறது வேற கதை. நம்ம டர்பன் பையன், தென்னாப்பிரிக்கா கிரிக்கெட் டீம் பௌலர் கேசவ் மகாராஜ் 2023 மார்ச்ல வாண்டரர்ஸ் கிரவுண்டுல வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட்ல விக்கெட் எடுத்துட்டு கொண்டாட ஓடினப்போ அக்கிலீஸ் அறுந்து போச்சே, பந்து வீசும்போது கூட இல்ல, கொண்டாடும்போது. ஆபரேஷன் பண்ணி உழைச்சு அக்டோபர்ல உலகக் கோப்பையே ஆடிட்டார். பின்னாடி இருந்து யாரோ உதைச்ச மாதிரி இருக்கும், திரும்பிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க, அப்புறம் நுனிக்காலால எக்க முடியாது. அப்படி ஆனா அன்னைக்கே டாக்டர். இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது, வயித்துப்போக்குக்கோ நீர்க்கடுப்புக்கோ சிப்ரோஃப்ளோக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் குடுத்தா அது டெண்டனைப் பலவீனப்படுத்தலாம், நான் டீம்ல ஓடறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

எலும்பு வலிக்குத்தான் நான் அதிகமா பயப்படறது, ஏன்னா அது சத்தமில்லாம வரும். டர்பன்ல இருந்து மாரிட்ஸ்பர்க் போற N3 ஹைவேல ரோட்டு வேலை நடக்கறதைப் பாத்திருப்பீங்க, புது ரோடு போடறதுக்கு முன்னாடி பழைய தாரைத் தோண்டி எடுக்கணும், தோண்டினதுக்கும் போட்டதுக்கும் நடுவுல ரோடு முன்ன இருந்ததை விட மோசமா இருக்கும், ஆனா லாரி ஓடறது நிக்காது. எலும்பும் அப்படித்தான், புது பாரம் வந்ததும் முதல் சில வாரம் பழசை அரிச்சு எடுக்கும், அப்புறம்தான் புதுசு கட்டும், அந்த நடு வாரங்கள்ல ஓட்டத்தை ஏத்திக்கிட்டே போனா விரிசல் விழும். அதனாலதான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்ன்ற இந்த விரிசல் முதல் வாரத்துல வராம மூணாவது வாரத்துக்கு மேல வருது.

முழங்காலுக்குக் கீழ உள்பக்க எலும்பு ஓரமா நீளமா, ஒரு சாண் அளவுக்கு வலிச்சா அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், பாரத்தைக் குறைச்சா அடங்கும். அதே எலும்புல ஒரு நாணயம் அளவு இடத்துல மட்டும் அழுத்தினா துடிக்குதுன்னா, ஒத்தைக் கால்ல குதிச்சா உயிர் போகுதுன்னா, ராத்திரி படுத்தப்புறமும் வலிக்குதுன்னா, ஓடறதை அங்கயே நிறுத்துங்க. ஆரம்ப வாரங்கள்ல எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்கன்னு திரும்ப ஓடப் போயிடாதீங்க, எம்ஆர்ஐலதான் தெளிவா தெரியும். கிரிக்கெட்ல வேகமா பந்து போடற பசங்களுக்கு இதே விரிசல் கீழ் முதுகுல வரும், வலது கை பௌலருக்கு இடது பக்கம், பின்னால வளைஞ்சா வலிக்கும். இருபது வயசு பையனுக்கு முதுகு வலி வந்தா பிடிப்புன்னு எண்ணெய் தேச்சு விட்டுட்டு சும்மா இருந்துடக் கூடாது.

தங்கச்சிங்களுக்கு இதுல இன்னொண்ணு. பிராக்டீஸ் கூடி சாப்பாடு குறைஞ்சா மாதவிடாய் தள்ளிப் போகும், நின்னு கூட போகும், சில பேர் அப்பாடா தொல்லை விட்டுச்சுன்னு சந்தோஷப்படறாங்க. அது உடம்புக்கு வர்ற சக்தி பத்தலன்னு சொல்ற எச்சரிக்கை, எலும்பும் அதோட சேந்து மெலியும். உலக ஒலிம்பிக் கமிட்டி 2014ல இருந்து இந்த சக்திப் பற்றாக்குறையைப் பத்தி ஆம்பளைங்களையும் சேத்து எச்சரிக்குது.

அதுவும் நம்ம வீடுகள்ல இந்த சீசன் தைப்பூசத்தோட வந்து மோதும். கிளேர்வுட் கோயிலுக்கோ அம்கெனி ரோடு கோயிலுக்கோ காவடி எடுக்கறவங்க விரதம் இருப்பாங்க, கறி மீன் கிடையாது, சில பேர் ஒரு வேளைதான், அதே வாரம் கோச் ரெண்டு வேளை ஓட விடுவார். விரதத்தை விடச் சொல்ல நான் யாரு. சைவம் பிரச்சனையே இல்ல, பத்தாத சாப்பாடுதான் பிரச்சனை. நல்லா பயிற்சி பண்றவங்களுக்கு உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 1.4ல இருந்து 2 கிராம் வரைக்கும் புரதம்னு வச்சுக்கோங்க, 70 கிலோ பையனுக்கு 98ல இருந்து 140 கிராம், அதை வெறும் உருளைக்கிழங்கு கறியில தேத்த முடியாது, பருப்பு, சுகர் பீன்ஸ், சோயா மின்ஸ், தயிரோ அமாசின்ற புளிச்ச பாலோ விரதத்துக்கு ஒத்துக்கிட்டா அதுவும் வேணும். ஒரு வேளை விரதம்னா கோச்கிட்ட முன்கூட்டியே சொல்லி அந்த நாட்கள்ல லேசா வச்சுக்கோங்க, வெறுங்கால்ல சுடற தார் ரோட்டுல காவடி தூக்கி நடந்த மறுநாள் ஸ்பிரின்ட் வேண்டவே வேண்டாம். அம்மா ஆயா யாரும் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க, கோச்தான் கோவிச்சுப்பார், அவருக்கு விளக்கிச் சொன்னா புரியும்.

மூட்டுக்கு வருவோம். முட்டிச் சிப்பியைச் சுத்தி மொத்தமா ஒரு வலி, படி இறங்கும்போதும், டாக்ஸியில நெருக்கி உக்காந்து ரொம்ப நேரம் வந்து இறங்கும்போதும் வலிச்சா, வீக்கம் இல்லன்னா, அது ஓட்டக்காரங்க முட்டி வலி, இடுப்பும் தொடையும் பலமாக பலமாக சரியாகும். வீக்கம் வந்தா கதை வேற. திரும்பும்போதோ குதிச்சு இறங்கும்போதோ உள்ள டக்குனு ஒரு சத்தம், ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள முட்டி பலூன் மாதிரி ஊதினா உள்ள எலும்பையும் எலும்பையும் கட்டி வச்சிருக்கிற லிகமெண்ட் போயிருக்கலாம், நெட்பால் ஆடற பொண்ணுங்க இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஒரே ஆட்டத்துல பசங்களை விட பொண்ணுங்களுக்கு இந்தக் காயம் அதிகம். முட்டி மடங்கின நிலையிலயே மாட்டிக்கிட்டாலும் டாக்டர். மூட்டு சிவந்து சூடா இருந்து காய்ச்சலும் சேந்தா அது விளையாட்டுக் காயமே இல்ல, கிருமி உள்ள போயிருக்கலாம், அவசரம். கணுக்கால் சுளுக்கினா 1992ல கனடாவுல உருவாக்கின ஒட்டாவா விதின்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப சுலபம்: கணுக்கால் பக்கம் வலி இருந்து, ரெண்டு பக்க முண்டு எலும்போட பின் ஓரத்தைக் கீழ இருந்து 6 சென்டிமீட்டர் வரைக்கும் அழுத்தினா வலிச்சாலோ, அடிபட்ட உடனேயும் ஆஸ்பத்திரியிலயும் நாலு அடி வைக்க முடியலன்னாலோ எக்ஸ்ரே எடுக்கணும்.

இவ்வளவுக்கும் அடியில இருக்கிறது ஒரே கணக்கு, டிசம்பர்ல எவ்வளவு செஞ்சீங்க, ஜனவரியில எவ்வளவு செய்யறீங்க. இதை அளக்க மெஷின் வேண்டாம், பிராக்டீஸ் எத்தனை நிமிஷமோ அதை எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு பத்துக்கு நீங்க போடற மார்க்கால பெருக்குங்க. லீவுல வாரம் ரெண்டு தடவை 30 நிமிஷம் லேசா ஓடினவனுக்கு, மார்க் 4னு வச்சா, 240. ப்ரீ-சீசன் முதல் வாரம் 8 செஷன், ஒவ்வொண்ணும் 90 நிமிஷம், மார்க் 7னா 5040. இருபத்தோரு மடங்கு! இதுல யாரைக் குத்தம் சொல்றது? லீவுல வாரம் நாலு நாள் 45 நிமிஷம் மார்க் 5க்கு ஓடியிருந்தா 900, அப்பவும் தாண்டல் பெருசுதான், ஆனா உடம்பு எப்படியோ சமாளிக்கும். வாரத்துக்குப் பத்து சதவீதம்தான் ஏத்தணும்னு ஒரு விதி எல்லாரும் சொல்லுவாங்க, அந்தப் பத்துக்குப் பெரிய ஆதாரம் கிடையாது, ஆனா சட்டுனு ஏத்தாதேன்றது நியாயம்தான். பீச் மணல்ல ஓட விடறதையும் கணக்குல சேருங்க, முட்டிக்கு மெத்துனு இருக்கும், கெண்டைக்காலும் அக்கிலீஸும் டபுளா வேலை செய்யும். வெஸ்ட்வில் மாதிரி மேடு பள்ளமான கேம்பஸ்ல லெக்சருக்கு நடக்கறதே ஒரு பிராக்டீஸ்.

தடுக்கறதுக்கு வழி இருக்கு, சலிப்பான வழி. ஃபிஃபாவோட 11+ வார்ம் அப், 20 நிமிஷம், ஒழுங்கா வாரம் ரெண்டு மூணு தடவை செஞ்ச டீம்கள்ல சுமார் மூணுல ஒரு பங்கு காயம் குறைஞ்சிருக்கு. முட்டி போட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடிச்சுக்க, மெதுவா முன்னால சாயற நார்டிக் பயிற்சி தொடைப் பின்தசைக் கிழிசலைப் பாதியா குறைக்குது, ஆனா முதல் தடவை மூணு நாலுக்கு மேல செய்யாதீங்க, மேல சொன்ன இறங்கற வகை வேலைதான் இதுவும், ரெண்டு நாள் உக்கார முடியாது. ரக்பிக்கு 2009ல இருந்து பொக்ஸ்மார்ட்னு ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கு, கோச்சுங்க அந்தப் பயிற்சி எடுத்தவங்களான்னு கேளுங்க. தூக்கம், இதைச் சொன்னா ரெஸ்ல (ஹாஸ்டல்ல) இருக்கிற பிள்ளைங்க சிரிக்கறாங்க, 2014ல அமெரிக்காவுல ஸ்கூல் விளையாட்டு வீரர்களைப் பாத்தப்போ 8 மணி நேரத்துக்குக் குறைவா தூங்கினவங்களுக்குக் காயம் 1.7 மடங்கு.

மாத்திரை. பிராக்டீஸுக்கு முன்னாடி ஐபுபுரோஃபென்ற வலி மாத்திரை போட்டுக்கிட்டுப் போறது இங்க ரொம்ப சகஜமாயிடுச்சு, அந்தப் பழக்கத்தை விடுங்க. வெயில்ல வேர்த்து தண்ணி வத்தின உடம்புல அந்த மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும், அதோட வலியை மறைச்சு எலும்பு விரிசல் மேலயே உங்களை ஓட விடும். தலைவலிக்குப் போடற கிராண்ட்-பா பவுடரும் அப்பாவி இல்ல, அதுல ஆஸ்பிரின் இருக்கு. ரொம்ப வலிச்சா பிராக்டீஸ் முடிஞ்சப்புறம் பனாடோ (பாரசிட்டமால்) போடலாம், ஒரு நாளைக்கு எட்டு மாத்திரையைத் தாண்டாம.

யாரைப் பாக்கறதுன்னா, முதல்ல கேம்பஸ் கிளினிக். நம்ம நாட்டுல ஃபிஸியோவைப் பாக்க டாக்டர் லெட்டர் தேவையில்ல, நேராவே போகலாம். தசை வலின்னா ஒரு வாரம் பொறுங்க, ஒரு பக்கம் மட்டும் வலி, ஒரு புள்ளியில வலி, வீக்கம், ராத்திரி வலி, இதுல எது இருந்தாலும் வாரக் கணக்கு பாக்காம போங்க. போகும்போது கடைசி நாலஞ்சு வாரம் என்னென்ன பிராக்டீஸ் பண்ணீங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, ஓடற டாக்கீஸையும் (ஷூவையும்) கையோட கொண்டு போங்க, அவங்க கேக்கற முதல் கேள்வி எங்க வலிக்குதுன்னு இருக்காது, போன மாசம் என்ன மாத்தினீங்கன்னுதான் இருக்கும்.